அறுபத்தொரு பேரிடம் கேட்டது

நாத்தனாரைப் பற்றி நான் நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னால் எங்கள் வீட்டுச் சுவர்கூட நம்பாது. அதனால் குறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், வீட்டுக் குளியலறைக்குக்கூட வரிசை பார்ப்பவர். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று என் மகள் குதித்தால், “உங்கப்பா உனக்கு முன்னாடியே துண்டோட நிக்கிறாரு, கண்ணு தெரியலையா?” என்பார். என் கணவரோ எந்த அவசரமும் இல்லாமல் கைப்பேசியை நோண்டிக்கொண்டு நிற்பார். மகள் தலை வாராமல் ஓடுவாள். நான் சீப்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் படியிறங்குவேன்.

அண்ணியையும் சொல்லிக் குற்றமில்லை. வரிசைதான் அவருக்குச் சோறு போட்டது. விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனைக்குப் போகிற கூடத்தில், பதினோரு வருஷமாக வரிசையைக் கட்டி மேய்ப்பது அவர் வேலை. நிலையத்துக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக் கம்பெனியில் சம்பளம். முழங்கால் வரை வரும் நீலக் கோட்டு, மார்பில் பேட்ஜ். கம்பத்துக்குக் கம்பம் பட்டையை இழுத்து மாட்டி, கூட்டம் கூடினால் வளைவுகளைக் கூட்டி, குறைந்தால் குறைத்து, யாரும் நடுவில் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே எல்லோருக்கும் அவர் வரிசையக்கா. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர், எங்களோடுதான் இருக்கிறார். வேலை முடிந்து வந்ததும் வாளியில் வெந்நீர் ஊற்றி இரண்டு காலையும் விட்டு உட்கார்ந்தால், அரை மணி நேரத்துக்கு யார் பேசினாலும் அவர் காதில் ஏறாது.

அந்த வேலையில் அவருக்கு உயிர், மஞ்சள் அட்டை. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று வாசலில் ஒரு போர்டு எண் காட்டும் அல்லவா, அது வானத்திலிருந்து விழுவதில்லை. அரை மணிக்கு ஒருமுறை, வரிசையின் வாலில் வந்து சேரும் பயணியிடம் நேரம் எழுதிய மஞ்சள் அட்டையைக் கொடுப்பார்கள். அவர் அதை ஏந்திக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து ஸ்கேனர் வரை போய், அங்கே இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். கொடுத்த நேரத்துக்கும் திரும்பி வாங்கிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் போர்டில் ஏறும். அதே எண் பயணிகளின் கைப்பேசிக்கும் போகும்.

இருபது நிமிஷத்தைத் தாண்டினால் கம்பெனிக்கு மேலிடத்திலிருந்து வசவு விழும். ஆள் எடுக்காமல் வசவை மட்டும் தவிர்க்க சூப்பர்வைசர் ஒரு வழி கண்டுபிடித்தார். “வால் வரைக்கும் ஏன்க்கா நடக்கறீங்க, மூணாவது வளைவுல நிக்கிறவங்ககிட்டக் குடுங்க” என்றார். அக்கறையைப் பாருங்கள், அங்கே கொடுத்தால் அதுவரை நின்ற நேரம் கணக்கிலேயே வராது. அண்ணி மாட்டேன் என்றார். வரிசை வாசலைத் தாண்டி வெளியே போனாலும் வாசலைத் தாண்டிப் போய் வாலில்தான் கொடுத்தார். ஒருநாள் போர்டில் எழுபது என்று ஏறிவிட்டது. சூப்பர்வைசர் தாம் தூம் என்று குதித்தார். மறுநாளே அண்ணியை வாலிலிருந்து தூக்கி, முன்னுரிமைப் பாதையின் வாசலில் நிறுத்திவிட்டார்.

முன்னுரிமைப் பாதை என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பாதை மூடி ஐந்து மாதம் ஆகியிருந்தது. உள்ளே மெஷின் இருக்கிறது, அதைப் பார்க்க ஆள் இல்லை. ஆனால் மேலே பெயர்ப்பலகை பளிச்சென்று எரிகிறது. கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு போர்டிங் பாஸில் ‘முன்னுரிமை’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பதையும் யாரும் நிறுத்தவில்லை. வருகிறவர்கள் எல்லாம் அதை நீட்ட, குறுக்கே இழுத்த பட்டைக்குப் பக்கத்தில் நின்று, “மூடியிருக்குங்க, எல்லாருக்கும் ஒரே வரிசைதான்” என்று சொல்ல வேண்டும். அதுதான் வேலை. கட்டணம் வாங்கினவன் ஒருத்தன், ஆள் போடாதவன் ஒருத்தன், வாங்கிக் கட்டிக்கொள்கிறவர் அண்ணி. ஒருத்தர் அவர் காலடியில் போர்டிங் பாஸைக் கிழித்துப் போட்டாராம். பிறகு விமானத்தில் ஏற அதுவே வேண்டும் என்று குனிந்து பொறுக்கினாராம். அதைச் சொல்லிவிட்டு அண்ணி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாமனார் பக்கவாதத்தில் விழுந்தார். வீட்டில் ஒருத்தர் இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. பேச்சு என்று பெயர்தான், யாரும் ஒன்றும் பேசவில்லை. என் கணவருக்கு ஊசியைக் கண்டாலே கண் இருட்டும். அண்ணி விடிவதற்கு முன்பே டூட்டிக்குக் கிளம்பிவிடுவார். மிச்சம் யார்? ஒரு மாத விடுப்பு எடுத்தேன், அது ஒன்பது வருஷம் ஆனது. சர்க்கரை ஊசி, சாப்பாடு, உடம்பு துடைப்பது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவது. மாமனார் தங்கமான மனிதர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கோபம் எல்லாம் மற்ற இருவர்மேல்தான்.

நாற்பது வயதுக்குள் இருக்கிறவர்களை எடுக்கிறோம் என்று தூரத்து ஊரில் ஒரு பெரிய மருத்துவமனை விளம்பரம் செய்தது. அடுத்த மாதம் எனக்கு நாற்பது முடிகிறது. தேர்வானால் ஆறு மாதம் அங்கே பயிற்சி, அதற்குப் பிறகு எங்கள் ஊர்க் கிளையிலேயே வேலை. அந்த ஆறு மாதம் மாமனாரை யார் பார்ப்பது என்பதை வேலை கிடைத்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று, யாருக்கும் சொல்லாமல் விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்த பிறகுதான் வீட்டில் சொன்னேன், நடுவில் நாலு நாள்தான் இருந்தது. மதியம் ஒரு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். காலை ஒன்பதே கால் விமானத்தை விட்டால் வேறு வழி இல்லை. டிக்கெட் எடுத்த என் கணவர், எதற்கும் இருக்கட்டும் என்று முன்னுரிமையும் சேர்த்து வாங்கிவிட்டார். அந்தப் பாதை மூடிக் கிடக்கிற கதையை ஐந்து மாதமாக வீட்டில் கேட்கிற மனுஷன்!

அன்று காலை மாமனாருக்கு ஊசி போட்டேன். ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அண்ணிக்குப் போன் போட்டேன்.

“அண்ணி, கூட்டம் எப்படி இருக்கு? இப்பவே கிளம்பிடட்டுமா?”

“போர்டு பதினாலு காட்டுது. எட்டு மணிக்கு உள்ள நுழைஞ்சாப் போதும். அப்பாவுக்குச் சாப்பாடு குடுத்துட்டே வா.”

“நம்பலாமா?”

“வாலுல நிக்கறது நான் பழக்கின பொண்ணு. அது தப்பாக் குடுக்காது.”

அண்ணி நின்ற இடத்துக்கும் வரிசைக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர். எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எட்டிப் பார்க்காமல் போர்டை நம்பினார். நான் அவரை நம்பி, மாமனாருக்கு நிதானமாகக் கஞ்சி ஊட்டி, வாய் துடைத்து, அவர் குளறலாகச் சொன்ன வாழ்த்தையும் வாங்கிக்கொண்டு, அவரைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய் இறங்கினால், வரிசை வாசலுக்கு வெளியே, தள்ளுவண்டிகள் அடுக்கும் இடம் வரை நின்றது. உள்ளே ஐந்து மெஷினில் இரண்டுதான் ஓடின. தலைக்குமேல் போர்டு, பதினாலு என்றது. நேராக முன்னுரிமைப் பாதைக்கு ஓடினேன். பட்டைக்குப் பக்கத்தில் அண்ணி நின்றிருந்தார்.

“என்ன அண்ணி இது? பதினாலு நிமிஷம்னீங்க!”

“பதினாலுதான காட்டுது” என்று சொல்லிக்கொண்டே தடுப்பைச் சுற்றி வந்து பார்த்தார். வாய் திறந்தபடி நின்றார். “மூணாவது வளைவுல குடுத்திருக்கா” என்று மட்டும் முணுமுணுத்தார்.

“இந்தப் பட்டையக் கழட்டுங்க. நான் உள்ள போறேன்.”

“கழட்டி? உள்ள மெஷினே அணைஞ்சு கிடக்கு. போய் யாருகிட்டப் பையைக் காட்டுவ?”

“அப்ப அந்த வரிசைல முன்னாடி கொண்டுபோய் நிறுத்துங்க. எங்க வீட்டு ஆளுன்னு சொல்லுங்க.”

“வீட்டு ஆளுன்னு சொல்லி நிறுத்தினா அது தப்பு.”

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. “ஒன்பது வருஷமா உங்கப்பாவத் தூக்கி உக்கார வச்சது யாரு? அப்ப எங்க போச்சு உங்க தப்பும் சரியும்?” என்று அத்தனை பேர் முன்னிலையில் கத்திவிட்டேன். நாலைந்து தலைகள் திரும்பின. அண்ணியின் முகம் சுண்டிப்போனது. எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை, மணி எட்டு ஐந்து.

அவர் சூப்பர்வைசரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். சூப்பர்வைசர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “எல்லாருக்கும் அவசரம்தான்க்கா. உங்க வீட்டுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா? போய் உங்க எடத்துல நில்லுங்க” என்றார். மூன்றாவது வளைவில் சட்டத்தை வளைத்தவர் சொல்கிறார்! அறையலாம் போல இருந்தது.

அண்ணி தன் இடத்துக்குப் போகவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே, வரிசையின் வாலுக்குப் போனார். அங்கேயே நிறுத்திவிட்டுப் போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கடைசியாக நின்றவரின் முன்னால் போய், “ஐயா, இவ என் தம்பி சம்சாரம். ஒன்பதே காலுக்கு ஃப்ளைட். ஒரு மணிக்கு அந்த ஊர்ல வேலைக்கு இன்டர்வியூ. நேரம் சொன்னது நான், தப்பாச் சொல்லிட்டேன். உங்களுக்கு முன்னாடி விடுவீங்களா?” என்றார்.

அவர் திகைத்துப் போய், “போகட்டும்மா” என்றார். அண்ணி அடுத்தவரிடம் நகர்ந்தார். “அம்மா, இவ என் தம்பி சம்சாரம்…”

“அண்ணி, ஒவ்வொருத்தரையுமா கேப்பீங்க? விடிஞ்சிரும்!”

“வரிசை என்னுது இல்ல. அந்த ஆளோடதும் இல்ல. நிக்கறவங்களோடது. அவங்கதான விடணும்?”

பதினோரு வருஷம் “பின்னாடி போங்க” என்று சொல்லிச் சொல்லிக் கரகரத்த அந்தக் குரல், இப்போது ஆள் ஆளாகக் கெஞ்சிக்கொண்டு போனது. சுருக்கமாகவாவது சொல்வாரா என்றால் இல்லை. ஃப்ளைட், இன்டர்வியூ, தப்பாச் சொன்னது நான், எல்லாம் ஒரு வார்த்தை குறையாமல். “அவசரம்னு மட்டும் சொல்லுங்களேன்” என்று பல்லைக் கடித்தேன். “கேக்கறோம், காரணத்தச் சொல்ல வேணாமா?” என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

விட்டார்கள், அதுதான் ஆச்சரியம். இரண்டு குழந்தைகளைச் சமாளித்துக்கொண்டிருந்த ஒரு பெண், காரணத்தைக் கேட்காமலே ஒதுங்கினாள். காதில் மாட்டிய இயர்போனைக் கழற்றி முழுக்கதையையும் கேட்டுவிட்டு, “ஆல் த பெஸ்ட்க்கா” என்றான் ஒருவன். வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் அண்ணியை உற்றுப் பார்த்தார்.

“நீங்கதான போன மாசம் என்னைக் கடைசிக்குத் துரத்துனது?”

“ஆமாங்க.”

“இப்ப மட்டும் என்ன?”

“அன்னைக்கு நீங்க கேக்காம நுழைஞ்சீங்க. இப்ப நான் கேக்கறேன்.”

அவர் சிரித்துவிட்டு வழி விட்டார். நல்லவேளை என்று நான் மூச்சு விட்டேன். மணி எட்டு இருபது ஆகும்போது முக்கால்வாசி வளைவுகளைத் தாண்டியிருந்தோம். கிடைத்துவிடும் என்றே நம்பினேன். பொய் சொல்லக் கூடாது, அந்த நிமிஷம் என் நாத்தனாரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்து நின்றவர் ஒரு சுற்றுலாக் குழுவின் தலைவர். கழுத்தில் விசில், கையில் இருபத்தாறு போர்டிங் பாஸ், முன்னால் ஒரே நிறத் தொப்பியில் இருபத்தைந்து பேர். அண்ணி சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்தப் பாஸ்களை விசிறிபோல விரித்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் முன்னுரிமை.

“முக்கால் மணிக்கு முன்னாடி இத உங்ககிட்டத்தான் காட்டினேன். என்ன சொன்னீங்க?”

அண்ணி அந்தத் தொப்பிகளைப் பார்த்தார்.

“எல்லாருக்கும் ஒரே வரிசைன்னு சொன்னீங்களா இல்லையா? இதுல வயசானவங்க ஏழு பேர். அவங்களும் நின்னுக்கிட்டுத்தான் இருக்காங்க. எங்களுக்கு மூடினது இவங்களுக்கு மட்டும் எப்படிம்மா தெறக்கும்?”

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வேலை, வயது, மாமனார் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த மனிதர் கொஞ்சம் தடுமாறினார். இன்னும் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அண்ணி அழுத்திச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அண்ணி என்ன சொன்னார் தெரியுமா? “நான்தான் சொன்னேன். அவர் கேக்கறது நியாயம்.” அதோடு பேச்சு முடிந்தது.

இருபத்தாறு பேர். இருபத்தாறு ஜோடிச் செருப்பு, இருபத்தாறு பெல்ட், பையைத் திறந்து மருந்து பாட்டிலைத் தேடும் கிழவர்கள். அவர்களுக்குப் பின்னால் நான் ஒற்றைக் காலில் நின்றேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோது சூப்பர்வைசர் அண்ணியின் எதிரே நின்று கை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அதைக் கவனிக்கப் பொழுதில்லை. மெஷினைத் தாண்டியபோது எட்டு நாற்பத்தொன்பது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். விமானம் ஏறும் கேட்டுக்குப் போனபோது எட்டு ஐம்பத்தேழு, கதவு மூடி இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. “லிஸ்ட் மூடியாச்சு மேடம்” என்றாள் அங்கிருந்த பெண். போர்டு பதினாலு காட்டியது என்றேன். “காட்டும் மேடம்” என்றாள்.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். வேறு நாள் தர முடியாது, அடுத்த அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள் என்றார்கள். அடுத்த அறிவிப்பு வரும்போது எனக்கு வயது தாண்டியிருக்கும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பார்களே, எங்கள் வீட்டில் தாழியை உடைத்தது நியாயம்.

போனவள் திரும்பி வரவும் அங்கே ஒரு மணி நேரம் ஆனது. என்ன என்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன். பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தார். நீலக் கோட்டு உடம்பில் இல்லை. இடத்தை விட்டுப் போனதற்காகக் கோட்டையும் பேட்ஜையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருஷ வேலையைப் பறிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லையாம்.

“போயிருச்சா?” என்றார்.

“போயிருச்சு.”

“எனக்கும்.”

நானும் பெஞ்சில் உட்கார்ந்தேன். பிறகு அவர், “அறுபத்தொரு பேருகிட்டக் கேட்டோம், எண்ணினேன். அறுபது பேரு விட்டாங்க. ஒருத்தருதான் மாட்டேன்னாரு” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஒருத்தர் போதுமே அண்ணி, என் பொழப்பு போறதுக்கு.”

“தெரியும்.” அவர் என் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “நாளைலேருந்து அப்பாவ நான் பாத்துக்கறேன். ஊசி, சாப்பாடு எல்லாம். வயசு கேக்காத பரிசோதனைக் கூடம் ஊர்ல எவ்வளவோ இருக்கும், நீ வேலை தேடு.”

ஒன்பது வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை, நாசமாய்ப்போன அன்றைக்கு வருகிறது. “இத அப்பவே சொல்லியிருக்கலாம்ல? டூட்டிய மாத்தி வாங்கியிருக்கலாம்ல? ஆளுக்குப் பாதி பாத்திருக்கலாம்ல?” என்றேன்.

அண்ணி உண்மையிலேயே யோசித்தார். “நீ கேக்கவே இல்லையே” என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. நான் கேட்கவில்லைதான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், பாத்திரத்தை நங்கென்று வைத்தேன், கணவரிடம் முணுமுணுத்தேன். வாயைத் திறந்து, அண்ணி, கொஞ்சம் ஒதுங்கி எனக்கு வழி விடுங்கள் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

“கேட்டாத்தானா? ஒரே வீட்லதான இருந்தீங்க, கண்ணு தெரியாதா?” என்றேன்.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டு, என் பையின் வாரை நீவிக்கொண்டிருந்தார். பேருந்து வருவது தெரிந்ததும் எழுந்தார்.

“ஊசி எங்க போடணும்?” என்று கேட்டார்.

“வயித்துல. தொப்புளச் சுத்தி, தினம் ஒரு எடம் மாத்தி” என்றேன். கோபம் தீராமல்தான் சொன்னேன்.